ஏழாம் நம்பரின் காது

ஓலைப்பள்ளத்தில் சிறுத்தை அடித்துக் கடைசியாக ஒருவர் செத்தது, ஜெபசெல்வி அந்த ஊருக்கு வந்த வருடம். கரும்புக்குத் தண்ணீர் திருப்பப் போனவர். அதற்குப் பிறகு இரண்டரை ஆண்டுகள் ஒரு ஆளுக்கும் ஒரு கீறல் விழவில்லை.

சத்தியமங்கலம் மலையின் அடிவாரத்தில் பதினோரு ஊர்கள். கரும்பு, வாழை, மக்காச்சோளம். அதற்குள்ளேயே பிறந்து, அதற்குள்ளேயே குட்டி போட்டு வாழ்ந்த ஒன்பது சிறுத்தைகள். அவை மலைக்குப் போனதே இல்லை. கரும்புதான் அவற்றுக்குக் காடு. பிடித்துக் கொண்டுபோய் மலையில் விட்டால் பத்தே நாளில் திரும்பி வந்தன, அல்லது வரும் வழியில் தார் ரோட்டில் செத்தன. அங்கேயே அவற்றை வாழவிட வேண்டும், மனிதரும் சாகக்கூடாது. இதற்காகத்தான் கழுத்துப்பட்டைத் திட்டம் வந்தது. ஜெபசெல்வி அதன் கள ஆய்வாளர். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரி, முப்பத்தைந்து வயது.

சாதாரண கழுத்துப்பட்டை சிறுத்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லும். சொல்லும்போது அது வேறு இடத்துக்குப் போயிருக்கும். இந்தப் பட்டைக்குக் காது இருந்தது. பக்கத்தில் மனிதக் குரல் கேட்டால் உடனே விழித்துக்கொண்டு, சுற்றிலும் இருநூறு மீட்டருக்குள் இருக்கும் எல்லாக் கைப்பேசிகளுக்கும் செய்தி அனுப்பும்: "அருகில் சிறுத்தை. ஓடாமல், பேசியபடி விலகிச் செல்லவும்."

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நடந்த முதல் கூட்டத்தில், பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தாள்.

"ஏனுங்க அம்மிணி, அப்படீன்னா நாங்க பேசறதை அது கேக்குமுங்களா?"

"கேக்கும் அக்கா. மனுஷச் சத்தமா இல்லையான்னு மட்டும் பாக்கும். எதையும் வெச்சுக்காது."

அந்தப் பெண் மயிலாத்தாள். நாற்பத்தாறு வயது. இரண்டு ஏக்கர் கரும்பு, அரை ஏக்கர் நேந்திரன் வாழை. ஆறு மாதத்துக்கு முன்பு அவளுடைய கன்றுக்குட்டியை ஒரு பெண் சிறுத்தை தூக்கியிருந்தது. அந்தச் சிறுத்தைதான் ஏழாம் நம்பர். ஊர்க்காரர்கள் கறியில் மருந்து வைக்கப் புறப்பட்டபோது, "அது ரெண்டு குட்டிக்காரி, விடுங்க" என்று தடுத்தவள் மயிலாத்தாள்தான். ஜெபசெல்வி அந்தச் சிறுத்தைக்குப் பட்டை மாட்டியதும் அவள் வயலில்தான்.

அன்று ஜெபசெல்வி சொன்னது பொய்யில்லை. நான்கு மாதம் கழித்துப் பொய்யானது.

பட்டைக்குத் தமிழ் ரேடியோவுக்கும் தமிழ் ஆளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கோயில் ஒலிபெருக்கி பாடினாலும் செய்தி அனுப்பியது, மயில் அகவினாலும் அனுப்பியது. ஒரு நாளைக்கு நாற்பது செய்தி வந்தால் யார் மதிப்பார்கள்? ஜனங்கள் கைப்பேசியை எடுத்துப் பார்ப்பதையே விட்டார்கள். கருவியைச் செய்த நிறுவனம் ஒரு வழி சொன்னது. கேட்ட சத்தத்தில் இருபது நொடியை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். உள்ளூர்க்காரர் யாராவது கேட்டு, 'ஆள்', 'ரேடியோ', 'வேறு' என்று மூன்றில் ஒன்றை அமுக்கினால் போதும். கருவி தானே கற்றுக்கொள்ளும்.

பதினோரு ஊரில் ஆறு பேரை ஜெபசெல்வியே தேர்ந்தெடுத்தாள். ஓலைப்பள்ளத்துக்குத் தினகரன். உரக்கடை வைத்திருந்தான், டிப்ளமா படித்தவன், கடையில் சும்மா உட்காரும் நேரம் அதிகம். எல்லோரிலும் ஒழுங்காக வேலை செய்தவனும் அவன்தான். இரண்டே மாதத்தில் தவறான செய்திகள் அடியோடு நின்றன. ஜனங்கள் மறுபடி நம்பினார்கள். பேச்சு பதிவாகிறது என்பதை ஊரில் சொல்லவேண்டுமா என்று ஜெபசெல்வி ஒருமுறை யோசித்தாள். சொன்னால் பயப்படுவார்கள், பயந்தால் கைப்பேசியை அணைத்துவிடுவார்கள், அணைத்தால் ஆள் சாகும் என்று தோன்றியது. சொல்லவில்லை.

*

மயிலாத்தாளின் மகள் தர்ஷினி அந்த ஆவணியில் வீட்டை விட்டுப் போனாள். பால் வேன் ஓட்டிய அருள்மணியோடு. அவன் காலனித் தெருக்காரன். மயிலாத்தாளின் அண்ணன் பொங்கியண்ணன் தன் மகனுக்கு அவளைக் கட்டுவதாகச் சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார். மூன்று கார்கள் திருப்பூர், பழனி, சேலம் என்று தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பின. அதற்குப் பிறகு பொங்கியண்ணன் தினமும் தங்கை வீட்டுக்கு வந்து உட்காரத் தொடங்கினார். அவள் கைப்பேசியை வாங்கிப் பார்ப்பார். அவள் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

இதெல்லாம் ஜெபசெல்விக்கு ஊர்ப்பேச்சாகத் தெரியும். மயிலாத்தாளை வரப்பில் பார்க்கும்போது, "நல்லா இருக்கீங்களாக்கா?" என்பாள். "இருக்கறனுங்க அம்மிணி" என்று பதில் வரும்.

தை மாதம் ஒரு விடியற்காலை, தாராபுரம் சாலையில் ஒரு நூல் மில்லுக்கு வெளியே, வேலை முடிந்து பைக்கில் வந்த அருள்மணிமேல் ஒரு மினி லாரி ஏறியது. விபத்து என்று போலீசார் எழுதினார்கள். லாரி கிடைக்கவில்லை.

எட்டாம் நாள் மயிலாத்தாள் ஜெபசெல்வியின் அலுவலகத்துக்கு வந்தாள். ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறவேண்டும். காலை பதினோரு மணி. ஜெபசெல்வியின் உதவியாளர் காளியப்பன் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தார். மலைமேல் ஊர்க்காரர், ஐம்பது வயது, தடம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர்தான் நாற்காலியை எடுத்துப் போட்டார். மயிலாத்தாள் உட்காரவில்லை.

"புள்ளை இருந்த எடம் எனக்கு மட்டுந்தான் தெரியுமுங்க. வேற சிம்மு. அதை மோட்டார் ரூம் செவுத்துச் சந்துக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தேன். வீட்ல ஒரு வார்த்தை பேசுனதில்ல. சாயங்காலம் கரும்புக்குள்ள மட்டுந்தான் பேசுவேன்."

"கரும்புக்குள்ளயா? அங்கதானேக்கா ஏழு படுத்திருக்கும்."

"அதுக்குத்தானுங்க அங்க போனேன்."

ஜெபசெல்விக்குப் புரியவில்லை. மயிலாத்தாள் நிதானமாகச் சொன்னாள்.

"அது பக்கத்துல போய் நான் வாயைத் தொறந்தா, சுத்தி இருக்கற எல்லார் போனும் கிர்ர்னு அடிக்குமுங்க. களை வெட்டறவங்க கெளம்பிருவாங்க. எங்கண்ணன் வரப்பு ஏறி ரோட்டுக்குப் போயிருவான். கால் மணி நேரத்துக்கு ஒரு ஈ காக்கா அந்தப் பக்கம் வராது. புள்ளைகிட்ட நிம்மதியாப் பேசலாம்."

"பயமா இல்லையாக்கா?"

"பயந்தானுங்க. முப்பதடி தள்ளி மூச்சு விடறது கேக்கும். ஆனா எங்கண்ணனைக் கண்டா வர்ற பயம் இல்லீங்க அது." முந்தானையை இழுத்துச் செருகினாள். "அப்பறம் யாரு கேட்டிருப்பா? நெனச்சு நெனச்சுப் பாத்தேன். அங்க இருந்தது நானும் அதுவுந்தான்."

ஜெபசெல்வி கணினியைத் திறந்தாள். ஏழாம் நம்பர், தை மாதம், மாலை நான்கு மணிக்குமேல். இரண்டு முறை தவறாக அமுக்கினாள். பொங்கல் கழிந்த நான்காம் நாள் ஒரு பதிவு இருந்தது. முடிவு: 'ஆள்'. கேட்டவர்: தினகரன். சாதாரணமாக ஒரு பதிவை ஒரு தடவை கேட்பார்கள். இதை அவன் பதினோரு தடவை கேட்டிருந்தான்.

"இருக்குதுங்களா?" என்றாள் மயிலாத்தாள்.

"இருக்குக்கா."

"போடுங்க. என்ன பேசுனேன்னு எனக்கே நெனப்பில்ல."

ஜெபசெல்வி போட்டாள். முதலில் ஒரு பெரிய மூச்சு, உள்ளே இழுத்து வெளியே விடும் மூச்சு. சிறுத்தையுடையது. அதற்கு அப்பால், கரும்புத் தோகை உரசும் சத்தத்துக்கு நடுவில், மயிலாத்தாளின் குரல் மெதுவாக, சிரிப்போடு:

"...தாராபுரம் ரோட்டுல அந்த மில்லு லைன் வீடுதானே கண்ணு? பன்னெண்டாம் நம்பரா? சரி சரி. மாப்பளை காலைல அஞ்சு மணிக்குத் தனியாவா வண்டியில வருது? பனி கொட்டுது, குல்லா போட்டுக்கிட்டு வரச் சொல்லு. மெதுவா வரச் சொல்லு..."

இருபது நொடி முடிந்தது. காளியப்பன் வாசலில் குழாயை மூடிவிட்டு நின்றார்.

மயிலாத்தாள் அழவில்லை. "வெச்சுக்காதுன்னு சொன்னீங்க" என்றாள். குற்றம் சாட்டும் குரல்கூட இல்லை. ஒரு தகவலைச் சரிபார்ப்பதுபோல் இருந்தது.

ஜெபசெல்வி பதிவை மூடினாள். மயிலாத்தாள், பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிப் போனாள்.

*

மறுநாள் ஜெபசெல்வி உரக்கடைக்குப் போனாள். தினகரன் எழுந்து நின்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"யார்கிட்டச் சொன்னீங்க தினகரன்?"

அவன் மறைக்கவில்லை. "பொங்கியண்ணன் ஐயாகிட்டத்தான் மேடம். வேற யார்கிட்டயும் இல்ல. எங்க ஊர்ப் பொண்ணு. தாய்மாமன் அஞ்சு மாசமா சோறு தண்ணி இல்லாமத் தேடறாரு. எடம் தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அது தப்பில்லையா?"

"அந்தப் பையன் செத்துட்டான்."

"அது ஆக்சிடென்ட்டுன்னு பேப்பர்லயே வந்துச்சே மேடம்." கல்லாவின்மேல் இருந்த ரசீதுப் புத்தகத்தை நேராக வைத்தான். "நீங்கதானே என்னைக் கேக்கச் சொன்னீங்க. ஆள்னு சரியாத்தான் போட்டேன். ஒண்ணுகூட நான் தப்பாப் போட்டதில்ல. நீங்களே பாத்திருப்பீங்க."

பதிவை எடுத்துக்கொண்டு அவள் காவல் நிலையத்துக்கும் போனாள். இன்ஸ்பெக்டர் இரண்டு முறை கேட்டார். மரியாதையாகத்தான் பேசினார்.

"இதுல ஒரு தாய் மகளோட பேசறாங்க. அதுல குத்தம் எங்கேம்மா இருக்கு? லாரி யாரோடது, ஓட்டினது யாரு, அனுப்பினது யாரு? அதைச் சொல்ல ஆள் வேணும். அந்த வீட்டுக்குள்ள இருக்கறவங்க யாராச்சும் வாயைத் தொறந்தாத்தான் உண்டு. அந்தம்மா வந்து சொல்லுவாங்களா?"

மயிலாத்தாளிடம் கேட்க ஜெபசெல்வி வயலுக்குப் போனாள். வரப்பில் பொங்கியண்ணன் குடை பிடித்து நின்றிருந்தார். மயிலாத்தாள் தலையைத் தூக்கவில்லை. ஜெபசெல்வி கேட்காமலே திரும்பினாள்.

அன்று மாலை அவள் நிறுவனத்தின் பொறியாளரைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"இனிமே மனுஷக் குரல் ஒரு நொடிகூட எங்கேயும் தங்கக் கூடாது. பட்டை விழிக்கணும், செய்தி போகணும், அந்த நிமிஷமே அழிஞ்சுடணும். பழசும் மொத்தமா போகணும். கேக்கற ஆளுங்களும் வேண்டாம்."

"செய்யலாம். ஆனா ஒருதடவை அழிச்சா யாராலயும் திரும்ப எடுக்க முடியாது. எங்களாலயும் முடியாது, உங்களாலயும் முடியாது. எழுத்துல கேளுங்க."

"அதுதான் வேணும்" என்று சொல்லி எழுத்திலும் அனுப்பினாள். இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தார்கள். அந்த நிறுவனம் எந்த வேலையையும் அத்தனை சீக்கிரம் முடித்ததில்லை. அன்று அவள் ஒரு வாரத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

ஊரில் சொல்லவேண்டும் என்று கூட்டம் போட்டாள். வேப்பமரத்தடியில் விரித்த ஜமுக்காளத்தில் ஒருவரும் வந்து உட்காரவில்லை.

*

சொல்லாமலே விஷயம் பரவியிருந்தது. கரும்புக்குள் பேசாதவர் அந்த ஊர்களில் யார்? வாய்க்கால் மடையை இரவில் திருப்பியவர்கள், பக்கத்து நிலத்தை அமுக்கத் திட்டமிட்டவர்கள், புருஷனுக்குத் தெரியாமல் தாய்வீட்டுக்குப் பேசியவர்கள், யாரோடோ சிரித்தவர்கள், சும்மா புலம்பியவர்கள். இரண்டு வருடத்தில் எதை எதைப் பேசினோம் என்று ஒவ்வொருவரும் நினைத்துப் பார்த்தார்கள். இனிமேல் அழிந்துவிடும் என்று ஜெபசெல்வி அச்சடித்துக் கொடுத்த நோட்டீசை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்கள், ஒருவரும் நம்பவில்லை.

மாசி பிறந்து ஐந்தாம் நாள் மூன்றாம் நம்பர் செத்தது. ஆட்டுக் குடலில் பூச்சிக்குப் போடும் குருணை மருந்து. அடுத்த வாரம் ஒன்றாம் நம்பரும் ஐந்தாம் நம்பரும். அதற்கடுத்து ஒரே நாளில் இரண்டு.

எப்படி இவ்வளவு சரியாக இடம் பார்த்து வைக்கிறார்கள் என்று ஜெபசெல்விக்கு முதலில் விளங்கவில்லை. காளியப்பன்தான் சொன்னார்.

"நம்ம செய்திதான் மேடம். ரெண்டு பேரு வரப்புல நின்னு சத்தமாப் பேசறாங்க. போன் அடிக்குது. இங்கதான் கெடக்குதுன்னு தெரியுது. மருந்தை வெச்சுட்டு விலகிப் போயிடறாங்க. பேசியபடி விலகிச் செல்லவும்னு நாமதானே சொல்லியிருக்கோம்."

அவர் கையில் எட்டாம் நம்பரின் குட்டி இருந்தது. அதற்குப் பட்டைகூடக் கிடையாது.

"இத்தனை வருசமும் மாட்டை அடிச்சுச்சுன்னு கோவப்பட்டாங்க. அது பசிக்கு அடிக்குது, அவங்களுக்கும் தெரியும். ரெண்டு நாள்ல ஆறிடும். இது அந்தக் கோவம் இல்ல மேடம். கோள் சொல்றவன்மேல வர்ற கோவம். இது ஆறாது." குட்டியைச் சாக்கின்மேல் வைத்தார். "அதுக்குக் கோள் சொல்லத் தெரியுமா? ஒரு பாவமும் அறியாது. நாம கட்டிவிட்டோம்."

நாற்பது நாளில் எட்டுச் சிறுத்தைகள் போயின. மீதி ஏழாம் நம்பர்.

ஜெபசெல்வி செய்தி அனுப்புவதை நிறுத்தினாள். மேலிடத்தில் கேட்கவில்லை. பட்டையில் தானாகக் கழன்று விழும் பூட்டு ஒன்று உண்டு. கணினியில் ஒரு கட்டளை கொடுத்தால் போதும். பட்டை இருந்தால் ஒட்டுக்கேட்கிறது என்று கொல்வார்கள். இல்லாவிட்டால் அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதற்கும் ஆபத்து, ஆளுக்கும் ஆபத்து. ஒரு பகல் முழுக்க யோசித்துவிட்டுக் கட்டளையை அனுப்பினாள். பட்டை மயிலாத்தாளின் கரும்புக்குள் விழுந்தது திரையில் தெரிந்தது. எடுக்கப் போன காளியப்பனைப் பொங்கியண்ணன் நிலத்தில் கால் வைக்க விடவில்லை.

ஐந்தாம் நாள், இரண்டு மைல் தள்ளி ஒரு மக்காச்சோளக் காட்டில், பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் ஏழு கிடந்தது. அது ஏழுதான் என்று இடது காதின் கிழிசலை வைத்துக் காளியப்பன் அடையாளம் சொன்னார். வேண்டுமென்று வைத்த சுருக்கு இல்லை. பட்டை இருந்திருந்தால், இரண்டு மணி நேரமாக ஒரே இடத்தில் துடிக்கிறது என்று தெரிந்திருக்கும்.

காளியப்பன் அதைப் புதைத்துவிட்டுச் சம்பளம்கூட வாங்காமல் மலைக்குப் போய்விட்டார்.

*

அதற்கு அடுத்த நாள் மயிலாத்தாள் மறுபடி வந்தாள். ஜெபசெல்வி சாமான்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் பொங்கியண்ணனின் கார் நின்றது. அவர் இறங்கவில்லை.

மயிலாத்தாள் மஞ்சள் பையிலிருந்து பட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதன் ஓரத்தில் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. மின்கலம் இன்னும் ஒரு வருடம் தாங்கும்.

"கரும்புல சோகை உரிக்கப் போனப்பக் கெடைச்சுதுங்க. கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றேன்னு சொன்னேன். அண்ணனே கூட்டிக்கிட்டு வந்தான். கவர்மெண்டுப் பொருள், வீட்ல வெச்சா வம்புன்னு."

"தேங்க்ஸ்க்கா."

மயிலாத்தாள் வாசலை ஒருமுறை பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"கெடைச்சு நாலு நாளாச்சுங்க அம்மிணி. மோட்டார் ரூம்ல வெச்சுக்கிட்டு, தெனமும் மோட்டாரைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்துல அதுகிட்டப் பேசுனேன். எல்லாத்தையும் சொல்லீட்டனுங்க. லாரி ஆரோடது, நம்பரு என்ன, ஓட்டுனவன் பேரு, அவனை எங்க கொண்டுபோய் வெச்சிருக்காங்க, எல்லாம். அன்னைக்குக் காலைல எங்கண்ணன் வந்து, மானம் திரும்பி வந்துருச்சு, கறி எடுத்துக் கொழம்பு வையின்னான். வெச்சுப் போட்டனுங்க. அதையும் சொல்லீருக்கேன். அன்னைக்கு நீங்க போட்டது மாதிரி இருபது இருபது நொடியா நிறுத்தி நிறுத்திச் சொன்னேன், வெட்டுப்படாம இருக்கட்டும்னு. அழிஞ்சுரும்னு நோட்டீசுல போட்டிருந்தீங்க, முன்னயும் வெச்சுக்காதுன்னுதான் சொன்னீங்க, வெச்சிருந்துச்சுங்களே."

ஜெபசெல்வி கையிலிருந்த பெட்டிக் கயிற்றைக் கீழே வைத்தாள்.

"ஸ்டேஷனுக்கு என்னால ஆகாதுங்க. அங்க வாசல்ல நின்னாலே இவனுக்குப் போன் வந்துரும். மனுசங்ககிட்டச் சொல்லவும் வாய் வரலீங்க, கூடப் பொறந்தவன். ஆனா அதுகிட்ட வந்துதுங்க." முகத்தில் மாதக்கணக்கில் இல்லாத ஒரு தெளிவு இருந்தது. "நீங்க அதை எடுத்து அந்த இன்ஸ்பெக்டர்கிட்டக் குடுத்துருங்க. எம்புள்ளை இன்னும் அந்த லைன் வீட்லதான் கெடக்கா. அவளையும் இவன் தேடிப் போறதுக்கு முன்னால குடுத்துருங்க."

ஜெபசெல்வி கணினியைத் திறந்தாள். திறக்கும் முன்பே தெரியும். ஏழாம் நம்பர், கடந்த நான்கு நாள். வரிசையாக எழுபத்து மூன்று வரிகள். ஒவ்வொன்றிலும் நாள், மணி, நொடி. ஒவ்வொன்றின் முடிவிலும் அதே சொற்கள்: மனிதக் குரல். அழிக்கப்பட்டது.

"இருக்குதுங்களா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. இந்தப் பெண்ணிடம் இன்னொரு பொய்.

"இல்லைக்கா" என்றாள். "உங்களுக்கு நடந்தது வேற யாருக்கும் நடக்கக் கூடாதுன்னு... இனிமே எதையும் வெச்சுக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லி மாத்தினேன். எல்லாம் அழிஞ்சிருச்சு."

மயிலாத்தாள் மேசைமேல் இருந்த பட்டையைப் பார்த்தாள். விளக்கு மினுங்கியது.

"இப்ப சொல்லுங்கக்கா. என் போன்லயே பதிஞ்சுக்கறேன். அஞ்சே நிமிஷம். லாரி நம்பர் மட்டுமாவது..." ஜெபசெல்வி கைப்பேசியை எடுத்து நீட்டினாள்.

மயிலாத்தாள் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. வெளியே கார் ஹாரன் ஒருமுறை நீளமாக அடித்தது. வாய் மூடிக்கொண்டது. அவள் மஞ்சள் பையை நான்காக மடித்து இடுப்பில் செருகினாள்.

"வர்றனுங்க அம்மிணி" என்றாள்.

கார்க் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. சன்னல் வழியாகப் பொங்கியண்ணனின் குரல் தெளிவாக வந்தது. "என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லீங்கண்ணா. பொருளை வாங்கி வெச்சுக்கிட்டாங்க."

கார் கிளம்பியது. திரையில், மேசைமேல் இருந்த பட்டை கேட்டதற்கு, புதிதாகச் சில வரிகள் சேர்ந்திருந்தன. கடைசி வரி ஜெபசெல்வி பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. மனிதக் குரல். அழிக்கப்பட்டது.